வே பிரிட்ஜ் அம்மா ஓடிய மூன்று கிலோமீட்டர்

வே பிரிட்ஜ் வேலைக்கு இரண்டே வார்த்தை போதும்: வண்டி வந்தால் ‘இறங்கு’, எடை விழுந்தால் ‘எடு’.

சரக்கு லாரியை இரும்பு மேடையில் ஏற்றி நிறுத்தி, டிரைவரை இறங்கச் சொல்லி, கம்ப்யூட்டரில் எண் நின்றதும் சீட்டு அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. திருவொற்றியூரில், எண்ணூர் போகும் சாலையோரம் எட்டுக்கு எட்டு அறை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். உடம்புதான் உட்கார்ந்திருக்கிறது, மனசு ஒரு நிமிஷம் உட்கார்ந்ததில்லை. அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், சீட்டுப் பேப்பர் தீர்ந்துபோச்சு, காலையில் கேஸை மூடினேனா, பிள்ளை வேனில் ஏறியதா... நாற்காலியில் இருந்தபடியே மூச்சு வாங்குகிற என் சக ஜீவன்களே, அப்படிப்பட்ட என்னை என் மகள் ஓடக் கூப்பிட்ட கதையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

படிக்காமல் போட்ட கையெழுத்து

ஜெசிக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டதும் வேன் அவளை என் அறை வாசலில் இறக்கிவிடும். அன்று ஜன்னலில் மூன்று டிரைவர்கள் சீட்டுக்கு நிற்கிற நேரம் பார்த்து, பள்ளியில் கொடுத்த ஒரு தாளை நீட்டி, “கையெழுத்து போடும்மா” என்றாள். போட்டேன். லாரிக்காரன் சீட்டில் இருக்கிற எண்ணை நாலு தடவை பார்ப்பேன். பெற்ற பிள்ளை நீட்டுகிற தாளை ஒரு தடவை பார்க்க மாட்டேன். நீங்களும் அப்படித்தானே?

அதைப் படித்தது செல்வம். ஸ்கிராப் லோடு ஓட்டுகிறவன், ஒரு நாளைக்கு இரண்டு நடை வருவான். எந்தக் காகிதம் கண்ணில் பட்டாலும் உரக்கப் படிக்கிற வியாதி அவனுக்கு. ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற தீம் பார்க்கில், வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும். பின்னாலேயே ஒரு பேட்டரி வண்டி வரும். அது யாரை முந்துகிறதோ அவர்கள் அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான், மெடல் கிடையாது. பெற்றோர் பெயர் என்ற இடத்தில் ஜெசி என் பெயரை எழுதியிருந்தாள்.

அவள் அப்பா விசைப்படகில் போகிறவர், கடலுக்குப் போனால் கரை திரும்பப் பத்து நாளாகும். ஆனால் அவர் வீட்டில் இருந்திருந்தாலும் என் பெயரைத்தான் எழுதியிருப்பாள். காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் தாயும் பிள்ளையும் ஓடும் போட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோட்டில் தனியாக நின்றாளாம், விசில் ஊதியதும் தானாகவே ஓரமாக நகர்ந்துகொண்டாளாம். டீச்சர்தான் சொன்னார். ஜெசி என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. அதனால் இந்தத் தடவை அந்த வண்டி எங்களை முந்தக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். செல்வம் தாளை மடித்து உள்ளே நீட்டினான்.

“யக்கா, இந்த ரோட்ல லாரியே மூணு கிலோமீட்டர் போவ மூணு மணி நேரம் ஆவுது. நீ இன்னாக்கா பண்ணப் போற?”

பத்துக் கிலோ போன கதை

ஓடுவதற்கு முன்னால் இளைக்க வேண்டும் அல்லவா? எடை பார்க்க எங்கேயும் அலைய வேண்டாத தொழில் என்னுடையது. அறுபது டன் தாங்குகிற மேடையில் நான் போய் நிற்பேன். ஜெசி உள்ளே ஓடி எண்ணைப் பார்த்து, “எண்பது!” என்று சாலைக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். எதிர் டீக்கடை வரைக்கும் என் எடை பிரசித்தம். பத்து நாள் சர்க்கரை இல்லாத டீ, ராத்திரிக்குச் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. பதினோராம் நாள் ஜெசி, “எழுபது!” என்று கத்தினாள். இறங்கி மறுபடி ஏறினேன். எழுபதேதான். சந்தோஷம் தாங்காமல் மறுநாள் ஒரு டப்பா கேசரி கிளறி எடுத்துப்போய், வந்த டிரைவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன்.

அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். எழுபத்தைந்துக்குக் கொஞ்சம் கீழே போனால் எழுபது, கொஞ்சம் மேலே போனால் எண்பது. இது எனக்குத் தெரியாதா? எடை தப்பு என்று டிரைவர்கள் சண்டைக்கு வரும்போதெல்லாம் இதை விளக்கிச் சொல்கிறவளே நான்தான். நல்ல சேதி வந்தால் மட்டும் தெரிந்தது அத்தனையும் மறந்து தொலைக்கிறது. மேடையைச் சரிபார்க்க வந்த மெக்கானிக் மீதிக் கேசரியைச் சாப்பிட்டு, கதையையும் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அரைக் கிலோ கொறஞ்சிருப்பீங்க மேடம். பாக்கி ஒம்போதரை, கூட வேல செய்யறவங்களாச்சேன்னு மிஷின் குடுத்த மரியாத.”

விடியற்காலையில் ஓடினால்

நாங்கள் இருப்பது கல்மண்டபத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில். முதல் பயிற்சியை அங்கேயே வைத்துக்கொண்டோம். காலை ஐந்தரை மணிக்கு ஜெசியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓட ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் படகுக்காரன் பெண்டாட்டி பிள்ளையோடு துறைமுகத்தைப் பார்த்து ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது ஓடும்போது எனக்குத் தோன்றவில்லை. முதலில் பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தினார். அடுத்து, மீன் வாங்கக் கிளம்பிய எதிர்வீட்டு ரீட்டா அக்கா கூடையைப் போட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். ஓர் ஆட்டோ பக்கத்திலேயே வந்து, “ஏறுக்கா, ஏறு” என்றது. எனக்கோ பதில் சொல்ல மூச்சு இல்லை. மூச்சில்லாததை அவர்கள் அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள்.

சர்ச் முனையில் திரும்பிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பேர், அதில் ஒருத்தி மாரில் அடித்துக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டாள். “படகுக்கு ஒன்னும் ஆகல, பிராக்டிஸ்” என்று சொல்லி முடிப்பதற்குள் என் உயிர் போய் வந்தது. ரீட்டா அக்கா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“சும்மா ஓடுறியா? பாவி, உன் வூட்டுக்காரனுக்கு ஜெபம் சொல்லிகினே ஓடியாந்தேன்டி. அத்த எவ திருப்பிக் குடுப்பா?”

யார்டு பயிற்சி

அதற்கப்புறம் தெருவில் ஓட எனக்குத் துணிச்சல் இல்லை. ஷிப்டு முடிந்ததும் சாயந்திரம் லாரிகள் நிற்கிற யார்டிலேயே ஓடினோம். யார்டைச் சுற்றி எத்தனை ரவுண்டு ஓடினால் மூன்று கிலோமீட்டர் என்று செல்வம் லாரியை ஓட்டி மீட்டர் பார்த்துச் சொன்னான். பம்பரில் உட்கார்ந்த டிரைவர்கள் ஆளுக்கொரு கோச்சு. ஒருத்தர் “மூக்கால மூச்சு வுடுக்கா” என்பார், இன்னொருத்தர் “செகண்டு கீர்லயே போ, ஏத்தாத” என்பார். ஜெசியோ நாய்க்குட்டியைக் கண்டால் நிற்பாள், ஷூவில் கல் என்று நிற்பாள். நிற்க விடுவேனா நான்? “வாடி, சீக்கிரம்!” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவேன். காலையில் பல் தேய்ப்பதிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் அவளிடம் நான் அதிகம் சொல்கிற வார்த்தை அதுதான்.

மூன்றாம் நாள் செல்வம் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே ஒன்று சொன்னான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஸ்கிராப் லாரி ஓட்டுகிறவன் எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தருகிறானா? மறுநாள் அவன் வண்டி முதலில் வந்தும் சீட்டைக் கடைசியாகத்தான் அடித்துக் கொடுத்தேன். அவன் சொன்னது இவ்வளவுதான்:

“யக்கா, நீ புள்ளயோட ஓடல. ரிப்பேர் வண்டிய கவுறு கட்டி இஸ்துகினு போற.”

லீவு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி. முதலாளியிடம் லீவு கேட்டேன். “எதுக்கு?” என்றார். “ஓடறதுக்கு” என்றேன். மனுஷன் கெட்டவர் இல்லை. ஞானஸ்நானம், சாவு, வெள்ளம் எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் லீவு தந்தவர். ஓடுவதற்கு என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, அதுதான் சங்கடம். பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தார்.

“காச்சல்னு சொல்லு ஸ்டெல்லா, தர்றேன். ஓடறதுக்கு லீவு குடுத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் இங்க உக்கார மாட்டான்.”

ஒரு நேரத்தில் ஒரு வண்டி

பள்ளி வேனில் நாலரைக்கே கிளம்பி, விடிகிற நேரத்தில் தீம் பார்க்கில் இருந்தோம். ராட்டினங்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன, சறுக்குகளில் தண்ணீர் இன்னும் விடவில்லை. முந்நூறு பேர் இருக்கும், காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெசி என் கையை விடவில்லை. “வண்டி நம்மள புடிச்சிடுமாம்மா?” என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் “புடிக்காது” என்று சள்ளென்று விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

ஆரம்பக் கோட்டில் தரையோடு தரையாக ஒரு ரப்பர் மேடை, பக்கத்தில் பெட்டி, பெட்டியில் சிவப்பு எண்கள். யார் எப்போது கடந்தார்கள் என்று குறித்துக்கொள்ளவாம். எனக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தொழிலில் முதல் சட்டம், மேடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. முன்வண்டி முழுசாக இறங்குவதற்குள் பின்வண்டி ஏறினால் இரண்டு எடையும் ஒன்றாகிவிடும். விசில் ஊதியதும் கூட்டம் பாய்ந்தது. நான் மட்டும் ஜெசியை இறுக்கிப் பிடித்து நிறுத்திக்கொண்டு, முன்னால் போனவர்கள் மேடையை விட்டு இறங்கட்டும் என்று காத்து நின்றேன். அதோடு விட்டேனா? பின்னால் வந்தவர்களையும் கையைத் தூக்கி மறித்தேன். ஆறு வருஷப் பழக்கம், புத்தியைக் கேட்டுக்கொண்டா கை தூக்குகிறது? “யம்மா, இது வே பிரிட்ஜ் இல்லம்மா!” என்று ஜெசி அலறுவதற்குள் பாதிப்பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோளில் பிள்ளையோடு கடைசியாக நின்ற ஓர் அப்பா மட்டும் மரியாதையாகக் கேட்டார்:

“மேடம், நாங்க இப்ப போலாமா?”

பேட்டரி வண்டி

ஆக, முந்நூறு பேரில் கடைசியாகக் கிளம்பியது நாங்கள்தான். எங்களுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பேட்டரி வண்டி மட்டும். மெடல் கிடைத்ததா என்று பதற வேண்டாம், கிடைத்தது. நான் சொல்ல வந்தது அதை இல்லை.

முதல் கிலோமீட்டர் ஓடிவிட்டோம். இரண்டாவதில் மூன்று குடும்பங்களை முந்தினோம், எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவதில் ஒரு மேடு வந்தது. விலாவில் பிடித்துக்கொண்டது, நெஞ்சு அடைத்தது, முட்டியில் கையை ஊன்றி நின்றுவிட்டேன். வண்டி பின்னால் வந்து நின்றது. அதை ஓட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஏற்கெனவே பெற்றோரோடு ஏறியிருந்த இரண்டு பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். “ஏறிடுங்க மேடம், டைம் ஆகுது, சீக்கிரம் சீக்கிரம்” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் என் ஜன்னலில் நாள் முழுக்க அதையேதான் சொல்கிறேன். ஜெசியிடம், “முடியல கண்ணு, ஏறிடலாம்” என்றேன். பிள்ளை அழுவாள் என்றுதான் நினைத்தேன்.

ஜெசி என் கையை விட்டுவிட்டுப் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவள் பேசியதைக் கேட்டு அந்தப் பெண் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள், கடைசி வரைக்கும் எங்களை முந்தவே இல்லை. மீதித் தூரத்தை ஜெசி நடந்த வேகத்துக்கு நடந்தேன். அழுதுகொண்டேதான் கோட்டைக் கடந்தேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு என் மகள் அந்த வண்டிக்காரப் பெண்ணிடம் என்னைப் பற்றிச் சொன்னது இது, ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை:

“யக்கா, எங்கம்மா வந்துகினுதான் கீது. சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லாத. அப்டி சொல்லச் சொல்ல காலு நடுங்கும், அப்பறம் ஓடவே வராது. எனக்குத் தெரியும்.”

இத்தனை நடந்த பிறகும், மறுநாள் காலை அவளைப் பள்ளிக்குக் கிளப்பும்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நான் தாக்குப்பிடித்தது மொத்தம் பதினோரு நிமிஷம்.