பீடி நுழையும் அளவு

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். ஓசூரில் நான்கு நாளாக விடாத மழை. பிளைவுட் கதவு ஊறிப்போய்ச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. போன் வெளியே கட்டில் மேல் கிடந்தது. கத்தலாம்தான். ஆனால் பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு என் பெயரே தெரியாது, யாரோ டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். தோளால் இடித்துப் பார்த்தேன். கடைசியில் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலாலும் உதைத்தேன். அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஈர பிளைவுட், பசை, லேசான புளிப்பு. அடுத்த உதையில் கதவு திறந்துகொண்டது. நான்தான் எழுந்திருக்கவில்லை.

இதே வாசனையை ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏரிக்குள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு நாள் முழுக்க முகர்ந்திருக்கிறேன்.

அப்போது மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடி அறையில் நானும் ரெஜினாவும் வாடகைக்கு இருந்தோம். இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. நான் அளவு பார்க்கும் பிரிவில், ஏசி அறையில், கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து இரும்பை அளக்கிறவள். அவள் டூல் ரூமில் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஓட்டுகிறவள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம்; ஆறு மணிப் பூசையைத் தவறவிடமாட்டாள், எட்டு மணிக்குள் யாரையாவது திட்டாமலும் இருக்கமாட்டாள். எனக்கு அவள் வைத்த பெயர் மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் சாமல்பட்டிக்காரி. எங்கள் ஊரில் ரயில் நிற்கும், மழைதான் நிற்காமல் போய்விடும். படகை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

ஒரு ஞாயிறு துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது, அவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். எந்த நாட்டுக்காரனோ, நான்கு பிளைவுட் தகட்டில் ஒரு சின்னப் பாய்மரப் படகு செய்கிறான்.

"நாம செய்லாமாடி?"

அவள் வாயை மூடுவதற்குள் "செய்லாம்" என்றேன். நான் அப்படித்தான். அதற்கு முந்தைய வருஷம் கீபோர்டு வாங்கி ஒரு மாதம் வாசித்தேன், ஜப்பான் மொழி இரண்டு பாடம் படித்தேன். ஆனால் படகை விடவில்லை. இரண்டு பேர் செய்கிற காரியத்தைப் பாதியில் விட்டால் இன்னொருத்தி முகத்தில் விழிக்க வேண்டுமே.

கீழே வீட்டுக்காரம்மாவின் கார் இல்லாத கார் ஷெட் இருந்தது. அங்கே ஐந்து மாதம் வேலை. அந்த அம்மா தெலுங்கில் பேரனிடம் ஏதோ சொல்வார், அவன் எங்களைப் பார்த்துச் சிரிப்பான். கொஞ்சம் தெலுங்கு தெரிந்த ரெஜினா மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

பாய்மரப் படகில் ஒரு விஷயம் உண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளினால் படகு நண்டு மாதிரி ஒருபக்கமாக நகர்ந்துவிடும். அதைத் தடுக்க அடியில் ஒரு பலகை நேராகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்க வேண்டும். கரை நெருங்கி ஆழம் குறையும்போது கயிற்றை இழுத்து அதை மேலே தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சேற்றில் குத்திக்கொள்ளும். அந்தப் பலகை ஏறி இறங்குவதற்குப் படகின் நடுவில் ஒரு ஒடுங்கிய பெட்டி. மற்ற எல்லாவற்றையும் சுமாராகச் செய்தோம். பாய்கூட நீலத் தார்ப்பாய்தான். இந்தப் பெட்டியையும் பலகையையும் மட்டும் எங்கள் தொழில் புத்தியில் செய்தோம். பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் இடைவெளி. அதற்கு மேல் விட எனக்கு மனசு வரவில்லை. ஷெட்டில் வைத்து இறக்கிப் பார்த்தபோது, எண்ணெயில் வழுக்குவது மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. இருவரும் கை தட்டினோம். படகு முழுக்க பெயின்ட் அடித்தோம். பெட்டிக்கு உள்பக்கமும் பலகைக்கும் மட்டும் அடிக்கவில்லை. "பெயின்ட் ஏறுனா ஃபிட் போயிடும்" என்று சொன்னது சாட்சாத் நான்தான்.

அந்த வாரத்தில்தான் ரெஜினாவுக்குப் புனேயிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. பெரிய தொழிற்சாலை, வடிவமைப்புப் பிரிவு. எண்ணெய்க் கறை இல்லாத வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "போலாமா வேணாமானு தெரியலடி" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை படகு ஒருமுறை ஓடிவிட்டால், அவள் தானாகவே போகமாட்டாள். கெஞ்சுகிற வேலையை எனக்குப் பதிலாகப் படகு செய்துவிடும். இருபத்து நான்கு வயதில் இப்படியெல்லாம் நினைக்க முடிகிறது.

சனிக்கிழமை மதியம் ஒரு குட்டியானை வண்டி பிடித்துத் தேன்கனிக்கோட்டைப் பாதையில் ஒரு ஏரிக்குக் கொண்டுபோனோம். ஓட்டை ஒழுக்கு தெரிய ஓர் இரவு தண்ணீரில் கிடக்கட்டும் என்று, பலகையையும் இறக்கிவிட்டு, கட்டிப்போட்டு வந்தோம். ஞாயிறு காலை பூசை முடித்து அவள் நேராக வந்தாள். படகு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அவிழ்த்துத் தள்ளினோம். பத்தடி போய் நின்றுவிட்டது. பலகை ஒரு சேற்று மேட்டில். கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்ததில் கயிறு ஓடும் கப்பி பிய்ந்து என் கைக்கு வந்தது.

தண்ணீரில் இறங்கினோம். சோப்புப் போட்டோம், எண்ணெய் ஊற்றினோம், சுத்தியலால் தட்டினோம். பதினோரு மணி ஆகிவிட்டது. எனக்குள் ஒரே பதற்றம். ஒரு பலகை ஏறாததற்கு இவ்வளவு பதற்றம் எதற்கு என்று ரெஜினாவுக்குப் புரியவில்லை.

"விடுடி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அடுத்த வாரமெல்லாம் கெடையாது. இன்னிக்குத்தான்" என்று கத்தினேன்.

கரையில் ரோஜாத் தோட்டத்துக் கொட்டகையிலிருந்து ஓர் ஆள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். தோட்டக்காரர் முனியப்பா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

"ஏம்மா, ராத்திரி பூரா யானைக்குக் காவல் இருந்துட்டு இப்பத்தான் படுத்தேன். யானைய வெரட்டிட்டேன், உங்கள வெரட்ட முடியலயே. என்னாத்துக்கு இந்தத் தட்டு?"

விஷயத்தைச் சொன்னோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பீடி பற்றவைத்தார்.

"மரந்தானே? எவ்ளோ சந்து உட்டீங்க?"

"கால் மில்லி ண்ணா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்டின்னா?"

ரெஜினா ஒரு தலைமுடியைப் பிடித்துக் காட்டி, "இதுல மூணு" என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் புகை மூக்கில் ஏறி இருமினார். "பாப்பா, எங்கூட்டுக் கதவே மழைக்கு ஊதிக்கும். நீங்க தண்ணியிலயே போட்டு வெச்சிருக்கீங்க. எந்த ஊர் இஸ்கூல்ல படிச்சீங்க?"

ரெஜினா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "மைக்ரான், பெயின்ட் வேணாம்னு சொன்னது யாருடி?"

இரும்பு ஊறாது. ஐந்து வருஷமாக நாங்கள் இருவரும் இரும்பைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

வழி சொன்னவள் ரெஜினாதான். படகைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் பலகை தண்ணீருக்கு மேலே வந்துவிடும், அப்புறம் அடியிலிருந்து உதைக்கலாம். முனியப்பா அண்ணன் மாட்டுக் கயிறு கொண்டுவந்தார். பாய்மரத்து உச்சியில் கட்டிக் கரையிலிருந்து இழுத்தார். படகு எருமை மாதிரி ஒருக்களித்துப் படுத்தது. உள்பக்கத்தில் நான் முதுகை முட்டுக்கொடுத்து நின்றேன். மறுபக்கத்தில் அவள், பலகை முனையில் காலை வைத்து உதைத்தாள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் ஒரு பிளைவுட்டும் அந்தப் புளிப்பு வாசனையும் மட்டும். அவள் ஒவ்வோர் உதைக்கும் "யேசுவே" என்றாள். அது என் முதுகெலும்பில் வந்து இறங்கியது. அரை மணி நேரம் இருக்கும். பிறகு ஒரு நீளமான கிறீச். ஒரு விரற்கடை. அப்புறம் ஒரு சாண். கடைசியில் பலகை மொத்தமும் என் பக்கம் வந்து விழுந்தது, நானும் தண்ணீருக்குள் விழுந்தேன்.

கரையில் வெயிலில் காயவைத்து, அண்ணனின் அரிவாளால் ரெஜினா பலகையைச் சுரண்டினாள். நான் பையிலிருந்து அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அண்ணா, ஒரு பீடி குடுங்க." அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் அதை வாயில் வைக்கவில்லை. பலகையைப் பெட்டிக்குள் நிறுத்தி, சந்தில் பீடியை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. மறுபடி சுரண்டல். பீடி தாராளமாகப் போய்வரும்வரை சுரண்டினாள். இறக்கினால் டொக் டொக்கென்று ஆடியது. ஆனால் ஏறியது, இறங்கியது, ஏறியது.

கப்பியைக் கம்பி வைத்துக் கட்டிப் புறப்பட்டபோது நாலரை மணி. மேற்கிலிருந்து நல்ல காற்று. நீலத் தார்ப்பாய் படபடவென்று அடித்து, ஒரு நொடியில் விறைத்துக்கொண்டது. அவ்வளவுதான், போகிறோம். மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை. அடியில் பலகை மட்டும் டொக் டொக். ஏரி நடுவில் ரெஜினா சுக்கானையும் பாய்க்கயிற்றையும் பிடித்திருந்தாள், நான் பலகைக் கயிற்றைப் பிடித்திருந்தேன். எனக்கு நினைவு தெரிந்து நான் சும்மா இருந்த இருபது நிமிஷம் அதுதான்.

திரும்பிக் கரைப் பக்கம் வரும்போது அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"நாளைக்கு மெயில் போடணும்டி. நீ என்ன சொல்ற?"

அவள் கேட்கவேமாட்டாள் என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டாள். "போவாத" என்று மூன்றெழுத்து. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவள் இருந்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது. அப்புறம் அவள் எண்ணெய்க் கறையோடு நிற்கும் ஒவ்வொரு நாளும் நான் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"ஏய், தரை வருது, பலகையத் தூக்கு!" என்று அவள் கத்தினாள்.

இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போல ஏறிவிட்டது. படகு சேற்றின் மேல் சொய்யென்று வழுக்கிக் கரையேறியது. முனியப்பா அண்ணன் கை தட்டினார். ரெஜினா குதித்திறங்கி அவரோடு தெலுங்கில் ஏதோ சிரித்துப் பேசினாள். நான் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது "போட்டுட்டேன்" என்றாள். "சூப்பர்டி" என்றேன்.

அவள் போன பிறகு ஒருமுறை தனியாகப் படகை இறக்கினேன். ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க்கயிறு. பலகையைத் தூக்க மூன்றாவது கை வேண்டும். எத்தனையோ அளவு எடுத்து வரைந்த படகை ஓர் ஆளுக்கு என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கரைக்குப் பத்தடியில் சேற்றில் குத்தி நின்றேன். முனியப்பா அண்ணன் இழுத்துவிட்டு, "இன்னொரு பாப்பா எங்க?" என்று மட்டும் கேட்டார். படகை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். மோட்டார் பம்புக்குக் கூரையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

இப்போது அந்த ரோஜாத் தோட்டத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி. முனியப்பா அண்ணன் மகளோடு பெங்களூரு போய்விட்டாராம். படகு என்ன ஆனது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கார் ஷெட் பார்சல் கிடங்காகிவிட்டது. ரெஜினா புனேயிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். பிறந்தநாளுக்குப் போன் பண்ணுவாள். நன்றாக இருக்கிறாள், குரலிலேயே தெரியும். இருவரும் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு, "அப்புறம்?", "அப்புறம் என்ன?" என்று வைத்துவிடுவோம்.

அன்று பலகை இன்னும் ஒரே ஒரு தடவை, அரை நிமிஷம், சிக்கியிருக்கலாம். கரைக்கு முன்னாலேயே தண்ணீரில் நின்றிருப்போம். அவள் திரும்பிப் பார்த்திருப்பாள். நான் எதையாவது சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தன் வாழ்க்கையை என் முன்னால் வைத்து, நீ சொல் என்று ஒருத்தி காத்திருந்தாள். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.