தேரின் பின்பக்கத்துக்கு ஒரு பாவாடை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கொஞ்ச காலம் பாதிதான் திறந்தது. மீதிப் பாதியை என் தையல் மெஷின் மறித்துக்கொண்டு நின்றது. தயிர்ப் பாத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுக்க வேண்டும். தர்பூசணி வாங்குவதையே நிறுத்திவிட்டோம். மெஷின் குறிஞ்சிப்பாடி அத்தையுடையது. "சும்மாதான கெடக்குது, வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று அத்தை சொல்லி வாயை மூடுவதற்குள் வண்டியில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பிடித்திருந்த பைத்தியம், பழைய காலத்து உடுப்பு. அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய ஆல்பத்தில் ஒரு ஸ்டூடியோ படம் இருக்கிறது. பின்னால் பெயிண்டில் வரைந்த அருவி, முன்னால் அம்மாவும் சித்தியும். இரண்டு பேர் தோளிலும் தேங்காய் அளவுக்குப் பஃப் கை, கீழே குடைப் பாவாடை, ஓரத்தில் லேஸ். இதையே தைத்து, லேஸை மட்டும் இன்னும் நாலு மடங்கு ஏற்றினால் எப்படி இருக்கும் என்று தோன்றிய நிமிடத்திலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. வங்கித் தேர்வுக்கு வாங்கிய தடிப் புத்தகங்கள், வெட்டும்போது துணி நகராமல் இருக்க நல்ல பாரமாக உதவின.

அம்மாவுக்கு அந்தப் படமே ஆகாது. "அந்தக் கைய வெச்சுக்கிட்டு பஸ்ல ஒக்கார முடியாதுடி. பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சிலயே இடிக்கும். நாங்க அதுலேருந்து தப்பிச்சு வந்துருக்கோம், நீ திரும்பி அங்கயே போறியே" என்பார்.

நான் தைத்த எதுவும் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை என்பதும் உண்மைதான். அப்பா ஒரு முறை, நான் சிவப்புப் பைப்பிங் வைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடி வரை போனார். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

ஒரு நாள் தயிர்ப் பாத்திரம் அம்மாவின் காலில் விழுந்தது. தயிரைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"நீ தைச்சத வெளியாளு ஒருத்தரு மனசாரப் போட்டுக்கிட்டு, நாலு பேரு பாக்க நடக்கணும். நான் கண்ணால பாக்கணும், போட்டோல்லாம் செல்லாது. இல்லன்னா மாதா கோயில் திருவிழா முடிஞ்ச மறுநாளே மெஷினு குறிஞ்சிப்பாடிக்குப் போவுது."

வெளியாள் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தவள் ஒருத்திதான். கல்லூரியில் என்னுடன் படித்தவள். காட்டுமன்னார்கோயில் பக்கம் அவர்களுக்கு நெல் விவசாயம். அவள் சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி மேலே படித்துக்கொண்டிருந்தாள். அவள் துறையில், திருவிழாவுக்கு முந்தைய வாரம், பழைய பாணி உடை அணிந்து வரும் விழா ஒன்று இருந்தது. அம்மாவும் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். "தை, போட்டுக்கறேன்" என்றாள் தோழி. "ஆனா மூச்சு விடுற மாதிரி தை."

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அந்த லேஸைப் பார்த்தபோது நான்தான் மூச்சு விட மறந்தேன். ராணி கலரும் கிளிப்பச்சையும் மஞ்சளும் பின்னிய பட்டை, அதன் கீழே வரிசையாகக் கம்பளி நூல் உருண்டைகள். தொட்டால் எல்லாம் சேர்ந்து ஆடின.

"முழு ரோலும் குடுங்கண்ணா."

"எந்தக் கோயிலும்மா?"

"கோயிலுக்கு இல்லண்ணா, எனக்கு."

கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை, ஒரு கட்டடத்தை அளப்பது போலப் பார்த்தார். பிறகு பொட்டலம் கட்டினார்.

குடைப் பாவாடையை அகலமாக வெட்டி, இடுப்பிலிருந்து கால்வரை வரிசை வரிசையாக அந்த லேஸை வைத்துத் தைத்தேன். ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் இன்னும் ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றியது. ரோல் தீர்ந்த பிறகுதான் அந்த எண்ணமும் நின்றது. போட்டுப் பார்க்கச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். அறை கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில். தோழி மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அலமாரியிலிருந்து பவுடர் டப்பா விழுந்தது.

"நல்லாத்தான்டி இருக்குது. ஆனா நான் நிக்கறேன், இது மட்டும் தனியா நடக்குது."

படியில் வந்த வீட்டுக்கார அம்மா அப்படியே நின்றார். "என்னாம்மா இது, தேரு மார்கழிக்குத்தான?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் தோழியின் போனில் செய்தி வந்தது. விழா தள்ளிப்போய்விட்டது, தேர்வெல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வார்களாம். அதாவது, மெஷின் குறிஞ்சிப்பாடிக்குப் போன பிறகு. பாவாடையை அவளிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் வேலை. திருவிழா வந்தால் மாதா தேரை அலங்கரிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"தேரச் சுத்திக் கட்டுற துணி இருக்குல்லக்கா, அதுல ஒரு பக்கத்து லேஸ எலி தின்னுடுச்சு. மூணு பக்கம் நல்லா இருக்குது, பின்பக்கம் மொட்டை. வழக்கமா வாங்குற கடைக்குப் போனா, யாரோ ஒரு பொண்ணு முழு ரோலையும் வாங்கிட்டுப் போயிடுச்சாம். எந்தக் கோயிலுன்னு கேட்டதுக்கு 'எனக்கு'ன்னு சொல்லுச்சாம். எவ்ளோ திமிரு பாருக்கா!"

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.

தேருக்கு வருஷா வருஷம் கட்டுகிற அதே லேஸ். சின்ன வயதிலிருந்து அதன் பின்னாலேயே நடந்து வளர்ந்திருக்கிறேன். கடையில் அதைக் கண்டதும் எங்கேயோ பார்த்த மாதிரி மனசு துள்ளியதே, அது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

பாவாடை விஷயத்தைச் சொன்னதும், "பிரிச்சுக் குடுத்துடு" என்றார் மாமா.

"பிரிச்சா எனக்கு மெஷின் போயிடும் மாமா."

"மாதாவா, மெஷினா?" என்றார் அம்மா. அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் உண்டு. தோழிக்குப் போன் போட்டு, திருவிழா அன்று மத்தியானமே பாவாடையோடு வரச் சொன்னேன். "சோறு உண்டா?" என்றாள். "பிரியாணிம்மா!" என்று மாமா பின்னாலிருந்து கத்தினார். மெஷினை ஏற்ற வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது என்று அத்தையும் போன் செய்தார்.

திருவிழா அன்று மத்தியானம் போனது, பிரியாணி போனது, அவள் வரவில்லை. சாயங்காலம் பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. தேரின் பின்பக்கம் பலகையும் பேட்டரியும் ஒயரும் பல்லிளித்துக்கொண்டிருந்தன. நான் கையில் சின்னக் கத்தரியோடு கோயில் கேட்டில் நின்றேன். அப்போது ஆட்டோவிலிருந்து முதலில் ஒரு பாவாடை இறங்கியது. கொஞ்சம் கழித்து அதற்குள்ளிருந்து தோழியும் வந்தாள்.

"பைல மடிச்சா உருண்டையெல்லாம் நசுங்கும்ல, அதான் போட்டுக்கிட்டே வந்துட்டேன். ரெண்டு பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டான்டி. மூணாவது பஸ்ஸு கண்டக்டரு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்றான்!"

பிரித்துத் தைக்க நேரமே இல்லை. மாமா தேருக்கும் எங்களுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். தேரின் மூன்று பக்கமும் ஆடிய உருண்டைகளைப் பார்த்தேன், இவள் இடுப்புக்குக் கீழே ஆடியவற்றையும் பார்த்தேன். கத்தரியைப் பைக்குள் போட்டேன்.

"அப்படியே தேருக்குப் பின்னால போய் நில்லு. பாவாடைய ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடி."

"எதுக்குடி?"

"நில்லுடி, பிரியாணி எடுத்து வெச்சிருக்குது."

விரித்தாள். ஒயர் மறைந்தது, பேட்டரி மறைந்தது. ராணி கலர், கிளிப்பச்சை, மஞ்சள் என்று நாலாவது பக்கம் கச்சிதமாக மூடிக்கொண்டது. மாமா பேண்டுக்காரரைப் பார்த்துக் கை காட்டினார். தேர் நகர்ந்தது. பாவாடையும் நகர்ந்தது.

தெரு முழுக்க ஜனம். எங்கள் ஊர்ப் பக்கம் வேண்டுதலுக்குத் தேர் மேல் உப்பும் மிளகும் போடுவார்கள். அது முன்பக்கமா பின்பக்கமா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

"அச்சு! ஏன்டி, உங்க ஊருல என்னைய ரசம் வெக்கிறாங்களா?"

"மூஞ்சியத் திருப்பாத, நட."

அடுத்த முனையில் ஒரு பெரியம்மா பக்தியோடு கூட்டத்தை விலக்கி வந்து, கீழ் வரிசை உருண்டை ஒன்றைத் தொட்டு விரல்களை முத்தி செய்துகொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

"என் பாவாடையத் தொட்டு முத்தம் குடுக்கறாங்கடி! நான் என்னா செய்யணும், ஆசீர்வாதம் பண்ணணுமா?"

"ஒன்னும் பண்ணாத. சிரிக்காத. தும்மாத."

மூன்றையும் அவள் ஒரே நேரத்தில் செய்தாள். உருண்டைகள் எல்லாம் குலுங்கின. பின்னால் பாடிக்கொண்டு வந்த பெண்கள், மாதா தேர் இந்த வருஷம் என்ன அழகு, பின்பக்கம் தனியாக அசைகிறதே என்று பேசிக்கொண்டார்கள்.

தேர் கோயிலுக்குத் திரும்பியதும் அம்மா எங்களைத் தேடி வந்தார். பாவாடையின் மடிப்புகளிலிருந்து மிளகு உதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அவளிடம் போனார்.

"உண்மையச் சொல்லும்மா. இவ கெஞ்சுனான்னு போட்டியா, மனசாரப் போட்டியா?"

"மனசாரத்தான் ஆன்ட்டி. சிதம்பரத்துலேருந்து இதுலயே வந்துருக்கேன். பஸ்ஸு பூரா பாத்துச்சு."

"தெருவே பாத்துச்சுக்கா" என்று மாமா குறுக்கே விழுந்தார். "அடுத்த வருஷம் நாலு பக்கமும் இவளே தைக்கட்டும். பின்பக்கத்துக்கு மட்டும் ஆளு வெச்சே பண்ணிடலாம், அசைவு நல்லா இருக்குது."

அம்மா குனிந்து ஓர் உருண்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். தோழிதான் வந்தாள்.

"தையலு கெட்டியாத்தான் இருக்குது" என்றார், யாரோ கட்டாயப்படுத்திச் சொல்ல வைத்தது போல.

மறுநாள் காலை வாசலில் வண்டி வந்து நின்றது. வந்த ஆட்களை வெறுங்கையோடு அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. ஹாலுக்குள் கூட்டி வந்து, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு ஒன்றை நகர்த்தச் சொன்னார். நகர்ந்தது ஃபிரிட்ஜ். அன்று சாயங்காலமே அப்பா ஒரு தர்பூசணி வாங்கி வந்தார்.