அண்ணனுக்கு வந்த கவிஞரின் கடிதம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் உங்களில் பலர் முதலில் தேடியது கவிஞரின் கடிதமாகத்தான் இருக்கும். அது இதில் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலத்துக்கு அருகே, அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படித்து, நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் ஆனார் அண்ணன். என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். யாரிடமும் கை நீட்டாதவர் என்று அவரைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள். அறுவடை நேரத்தில் வானம் இருட்டினால், சாப்பாட்டில் கை வைத்தவர் அப்படியே எழுந்து தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடுவார். நனையப்போவது யார் வீட்டு நெல் என்று கேட்க மாட்டார்.

கவிதை என்றால் அவருக்கு உயிர். ஒரு நாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அதில் ஒரு காரில் அந்தப் பெரிய கவிஞர் இருந்தார். மகளைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து வந்துகொண்டிருந்த அண்ணன் அவரை அடையாளம் கண்டுகொண்டார். இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, கேட் திறக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார். கவிஞர் முகவரி கொடுத்தார், குழந்தையின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளிவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அந்தக் குழந்தை இறந்துபோனது. அண்ணன் துக்கம் தாங்காமல் கவிஞருக்கு எழுதினார். அவரும் தம் கைப்பட ஆறுதல் எழுதி அனுப்பினார். நீங்கள் எல்லாரும் கேட்கிற கடிதம் அதுதான்.

அவ்வளவு பெரியவர் ஓர் எழுத்தரை மதித்து எழுதியது பெரிய காரியம். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நம் ஜனங்கள்மேல்தான். உறவினர் ஒருவர் அந்தக் கடிதத்துக்கு ஆசையாகப் பிரேம் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். கையெழுத்தின் அழகைப் பேசுவார்கள். பின்னாளில் செல்போனில் படமும் எடுத்தார்கள்.

"கொடுத்து வச்சவருங்க நீங்க. யாருக்குங்க கிடைக்கும் இது?"

"எனக்கும் கிடைக்காமலே இருந்திருக்கலாங்க" என்பார் அண்ணன்.

அதையும் தன்னடக்கம் என்று மெச்சிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா இது? ஒரு கட்டத்தில் அண்ணன் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். உடனே அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள்.

மன்னார்குடியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும் விடவில்லை. "நீங்க நல்லா இருக்கும்போதே அந்தக் கடிதாசியை ஒரு காப்பி எடுத்துக் குடுத்துடுங்கண்ணே" என்று ஒருவர் வந்து நின்றார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் உடலை எடுக்கும் முன் இரங்கல் பேசியவர்களும் கடிதத்தைப் பற்றியே பேசினார்கள். அவர் ஓடி ஓடி மூடிய நெல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த மலரை அச்சிடும் வேலையை எங்கள் சித்தப்பா மகன் ஏற்றுக்கொண்டான். மாதிரிப் பக்கங்களைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினான். கடிதம் வண்ணத்தில் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. குடும்பத்தார் பெயர்களில் மனைவி, மகன், மருமகள், பேரன் என்று எல்லாரும் இருந்தார்கள். மகள் மட்டும் இல்லை.

"பாப்பா பேரு எங்கடா?"

"அது சின்னதுலயே போயிடுச்சேக்கா. அதையெல்லாம் போடுற வழக்கம் இல்லையே."

"அப்ப இந்தக் கடிதாசி எதுக்கு வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்க?"

பாவம், அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கவிஞர் எழுதினார் என்பது தெரியும், எதற்கு எழுதினார் என்று அவன் கேட்டதே இல்லை. நான் தெருவே கேட்கும்படி கத்திவிட்டேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த அண்ணி அந்தப் பக்கங்களைப் பார்த்தார்.

"கடிதாசியை எடுத்துடச் சொல்லும்மா. ஊரு பார்த்தது போதும். எம் பொண்ணு பேரைப் போடச் சொல்லு" என்றார்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அவரைத் தோளில் சுமந்தவர்களுக்கும், துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு ஆக்கிப்போட்ட தெருக்காரர்களுக்கும், முகம் சுளிக்காமல் பக்கங்களை மாற்றிக் கொடுத்த அச்சகத்தாருக்கும், என் வாய்க்கு அகப்பட்டும் கோபித்துக்கொள்ளாத தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவள் பெயர் வளர்மதி. இனி எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் பற்றிக் கேளுங்கள். அண்ணி சொல்வார்.