ஆடி கழியட்டும் என்று கட்டிவைத்த கால்

வைகாசிக் கடைசியில் எருக்கூடையோடு வரப்பில் சறுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கட்டுக்காரர் முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டினார். "நாப்பத்தஞ்சி நாளு. அப்பால அவுத்துட்டு முட்டிய மடக்கிப் பயக்கணும்" என்றார். சம்பா நடவுக்குள் எழுந்துவிடுவேன், நடவு வரிசையில் என் இடம் போகாது என்று நிம்மதியானேன்.

நாற்பத்தைந்தாம் நாள் வருவதற்குள் ஆடி பிறந்து தொலைத்தது. அவிழ்க்க வந்தவரை மாமியார் வாசலிலேயே மறித்தார். "கட்டு அவுத்து மொத அடி வெக்கறது நல்ல காரியம். ஆடியில எவளாச்சும் வெப்பாளா? கழியட்டும்."

"இது இன்னா அத்தே, கல்யாணமா, காதுகுத்தா?" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"வாயி மட்டும் நல்லா ஓடுது பாரு" என்றார். என்னிடம் ஓடுகிற நிலையில் இருந்தது அது ஒன்றுதானே! என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாய்க்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவருக்குத் தெரிந்த வேலை அதுதான்.

பார்க்க வந்தவர்களெல்லாம் பன் ரொட்டியைக் கொடுத்துவிட்டு, "அசையாத" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்கள். அசையாமல் கிடந்து முதுகில் புண் வந்தது. "அசைஞ்சிருப்பா" என்று அதற்கும் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆவணியில் அவிழ்த்தார்கள். எலும்பு அருமையாகக் கூடியிருந்தது. தொடைதான் முருங்கைக்காயாக வற்றியிருந்தது. முட்டி மடங்கவே இல்லை. "எலும்ப நான் சேத்துட்டேன், முட்டிய நீங்க பூட்டி வெச்சிட்டீங்களேம்மா" என்று கட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் வெந்நீர் ஊற்றி, அலறிக்கொண்டே மடக்கினேன். பாதிதான் மடங்கியது.

நடவு வந்தது. வீம்புக்குச் சேற்றில் இறங்கினேன். முட்டி மடங்கினால்தானே காலை உருவலாம்? பின்னால் நகரப்போய் மல்லாந்து விழுந்தேன். பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எழ முடியவில்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தூக்கிக்கொண்டுபோய் வரப்பில் உட்கார்த்தி, கட்டிவைத்த நாற்று முடிகளை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். என் இடத்தில் அடுத்த வீட்டுக்காரி குனிந்து நட்டாள்.

கூழ் கொண்டுவந்த மாமியார் என் காலைப் பார்த்தார். "அவசரப்பட்டு அவுத்துட்டோம். இன்னும் ஒரு மாசம் வுட்டிருந்தா நல்லா ஆயிருக்கும்" என்றார்.

கையிலிருந்த நாற்று முடியை அவர்மேல் வீசியிருப்பேன். கை சுளுக்கிக்கொண்டால் அதையும் கட்டிவிடுவார்களே என்று முடியை அடுத்த வீட்டுக்காரியிடமே நீட்டினேன்.