கறுத்தது திரை மட்டும்தான்

நரிக்குடியில் என் மாமனார் மௌத்தானபோது கணவர் குவைத்தில் இருந்தார். செல்போனில் துக்க விசாரிப்பு ஓயாததால், அவரைக் கம்ப்யூட்டரில் வீடியோ காலில் வைத்திருந்தேன்.

கடைசியாக முகம் காட்டத் துணியை விலக்கும் நேரம், திரை கறுத்தது. கரண்ட் மிச்சமாகட்டும் என்று, கொஞ்ச நேரத்தில் மானிட்டர் தானே அணையும்படி வைத்திருந்தவள் நான்தான். பதற்றத்தில் மறந்துபோனேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் மறுபடி ஓடுவதற்குள் முகத்தை மூடித் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் கணவர் கேட்டார்: "எனக்கு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான இருந்துச்சு. ஏன் புள்ள அமத்துன?"

மானிட்டர் தானே அணையும் அந்த அமைப்பை எடுத்துவிட்டேன். திரை இருண்டால் இப்போது மானிட்டர் பொத்தானைத்தான் முதலில் அழுத்திப் பார்க்கிறேன். அவர்தான் வீடியோவில் வருவதே இல்லை, குரலோடு சரி.