விபூதி போட்டுத் தேய்த்த காசு

நாணயம் சேர்ப்பவர்களின் மாதக் கூட்டத்துக்கு நீலசந்திராவிலிருந்து நானும் அம்மாவும் போயிருந்தோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பழைய மெக்சிகோ வெள்ளிக்காசைப் பெருமையாக மேசையில் வைத்தேன்.

“யாருப்பா இதைத் தேய்ச்சது? அந்தப் பழைய கருப்புக்குத்தானே வெலையே. இனிமே பாதிதான் தேறும்” என்றார் செயலாளர்.

“நான்தாங்க. வெள்ளின்னா விபூதி போட்டுத் தேய்ப்போம்” என்றாள் அம்மா.

“படிச்ச புள்ள நீ, அம்மாவுக்குச் சொல்லித் தரலையா?” என்று ஒருவர் என்னைக் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மையில் தேய்த்தது நான். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன்: “அம்மா தொடவே இல்ல சார். நான்தான் தேய்ச்சேன். எங்க வீட்ல வெள்ளியைக் கருக்க விடமாட்டோம்.”

அந்தக் காசு என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் பளபளவென்று இருக்கிறது. அந்த ஒரு நிமிடம்தான் இன்னும் உறுத்துகிறது. காசில் நான் இழந்தது மூவாயிரம் ரூபாய்தான்.