ஏகாம்பரம் அண்ணன் டீயோட ருசி

ஏகாம்பரம் அண்ணன் போய்ட்டாரு.

செவிலிமேடு பஸ் ஸ்டாப் டீக்கடை அண்ணன்தான். நேத்து காலைல கல்லாவுல உக்காந்துக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம். ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு போறதுக்குள்ள... முடிஞ்சிடுச்சு.

நான் ஆட்டோவை ஓட்டிக்கினு போய் சேர்ந்தப்போ கடையில பாய்லர் இன்னும் கொதிச்சுக்கினு இருந்துச்சு. அதை அணைக்கணும்னு யாருக்கும் தோணல.

அண்ணனைப் பத்தி உங்க யாருக்கும் தெரியாத ஒண்ணு இருக்குது. எழுதட்டுமான்னு அண்ணிகிட்ட கேட்டேன். "எழுதுப்பா... கஸ்டமர் போய்டுவாங்கன்னு இனிமே யார் பயப்படப் போறாங்க"ன்னு சொல்லிட்டாங்க.

அண்ணனுக்கு ருசி தெரியாது.

கொரோனா வந்தப்போ வாசனையும் ருசியும் போச்சு. மத்தவங்களுக்கு கொஞ்ச நாள்ல திரும்ப வந்துச்சு, அவருக்கு வரவே இல்ல. நமக்கெல்லாம் டீ போட்டுக்கினு இருந்த மனுஷனுக்கு சர்க்கரையும் உப்பும் ஒண்ணுதான்.

இது தெரிஞ்சது அண்ணிக்கும் எனக்கும் மட்டும். என்னை ஏன் நம்பினாருன்னு கேக்காதீங்க. சவாரியை விட எனக்கு டீ ஜாஸ்தின்னு என் வீட்டம்மா சொல்லுவாங்க, அந்த ஒரு தகுதிதான்.

தினம் காலைல முதல் கிளாஸ் எனக்கு. சுத்தி ஆளுங்க இருப்பாங்க, வாய் விட்டு சொல்ல முடியாது. அதனால ஒரு சிக்னல். சர்க்கரை ஜாஸ்தின்னா நான் தண்ணி கேக்கணும், ஸ்ட்ராங் பத்தலன்னா பேப்பர் கேக்கணும்.

ஒரு நாள் நெஜமாவே பேப்பர் வேண்டியிருந்துச்சு. பொண்ணுக்கு நகை எடுக்கணும், தங்கம் ரேட் பாக்கலாம்னு "அண்ணே, அந்த பேப்பரை குடுங்க"ன்னேன்.

அண்ணன் தூளை அள்ளி அள்ளிப் போட்டுட்டாரு. அன்னிக்கு டவுன் பஸ் ஏறினவங்க மூஞ்சியைப் பாக்கணுமே... வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி.

"இன்னாப்பா, நீயே கேட்டுட்டு நீயே சிரிக்கிற?"

"நெஜ பேப்பர் கேட்டேண்ணே!"

"அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா, லூசு!"

அப்புறம்தான் எதிர்ல கண்ணாடி போட்ட டீக்கடை வந்துச்சு. போர்டு முழுக்க விதவிதமா டீ. அண்ணனுக்கு பயம் வந்துடுச்சு. நாமளும் ரெண்டு ஃபிளேவர் போடலாமா, நீ குடிச்சிப் பாத்து சொல்லுன்னாரு.

மத்தியானம் கூட்டம் இல்லாதப்போ நான் எதிர்க்கடையிலேர்ந்து பேப்பர் கப்புல ஒண்ணொண்ணா வாங்கிக்கினு வந்து, கடைக்குப் பின்னாடி உக்காந்து குடிப்பேன். அவர் என் வாயையே பாத்துக்கினு இருப்பாரு.

புதினா டீ குடிச்சிட்டு சொன்னேன், "பல்லு வெளக்கிட்டு வாய் கொப்பளிக்காம டீ குடிச்ச மாதிரி இருக்குதுண்ணே."

ரோஸ் டீக்கு, "கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கிற பொண்ணு தெரியாம நம்ம கிளாசுக்குள்ள தெளிச்சிடுச்சு."

சாக்லேட் டீயை ஒரு வாய் குடிச்சிட்டு கீழே ஊத்திட்டேன். அதுக்கு நான் சொன்னதை இங்க எழுத முடியாது, என் பொண்ணும் இதை படிக்கும். லெமன் டீ மட்டும் பரவாயில்ல... ஜுரம் வந்தா குடிக்கலாம்.

அண்ணன் வயித்தைப் பிடிச்சிக்கினு சிரிச்சாரு. "நீ சொன்னா நானே குடிச்ச மாதிரி இருக்குதுப்பா!"

சிரிச்சிக்கினே போய் அவர் டீ ஒரு கிளாஸ் போட்டு எடுத்தாந்து நீட்டினாரு. "இப்போ இதை சொல்லு."

குடிச்சேன். "நல்லா இருக்குதுண்ணே."

"நல்லான்னா?"

"சூப்பரா இருக்குது."

சிரிப்பு நின்னுடுச்சு. "எதிர்க்கடைக்குன்னா வாய் கிழியுது. என் டீக்கு இவ்ளோதானா? பாவம் பாத்து சொல்றியா?"

சத்தியமா இல்லண்ணே.

பத்தாவதுல தமிழ்ல தட்டுத்தடுமாறி பாஸ் ஆனவன் நான். கிண்டல் பண்ணச் சொன்னா கொட்டும், நல்லதைச் சொல்லச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும். வீட்டம்மா குழம்புக்கே இத்தனை வருஷமா தலைதான் ஆட்டிக்கினு இருக்கேன்.

அதுக்கப்புறம் அண்ணன் அடிக்கடி கேட்டாரு. நானும் அதே "நல்லா இருக்குது"தான். கொஞ்ச நாள்ல ஒரு மாஸ்டரை வேலைக்கு வெச்சிட்டாரு. "என் கை மேல எனக்கே நம்பிக்கை போச்சுப்பா"ன்னுட்டு கல்லாவுல போய் உக்காந்தவருதான்.

போன வாரம் மாஸ்டர் லீவு. அண்ணனே எழுந்து வந்தாரு. லுங்கியை மடிச்சு கட்டிக்கினு, கையைத் தூக்கி ஆத்தி, எனக்கு ஒரு கிளாஸ் குடுத்தாரு. என் மூஞ்சியை மட்டும் பாத்தாரு.

வண்டில சவாரி உக்காந்திருக்குது, ஸ்டேஷன் போகணும், டிரெயினுக்கு டைம் ஆச்சுன்னு கத்துறாங்க. "சூப்பர்ண்ணே"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டேன்.

வண்டிக் கண்ணாடில பாத்தேன். என் கிளாசை எடுத்து கழுவிக்கினு இருந்தாரு.

இன்னிக்கு பாலாத்தங்கரையில எல்லாம் முடிச்சிட்டு வந்து, குளிச்சிட்டு உக்காந்தப்போதான் வார்த்தை வருது. லேட்டுதான்... தெரியும்.

அண்ணே, உங்க டீ வாய்ல பட்டதும் எதுவும் சொல்லாது. வெறும் சூடுதான். முழுங்கினதும் ஒரு கசப்பு வரும், அது முறைக்கிறதுக்குள்ள பால் வந்து சமாதானம் பண்ணிடும்.

இஞ்சி நாக்குல தெரியவே தெரியாது. தொண்டை தாண்டி நெஞ்சுக்குப் போனப்புறம்தான், நானும் இருக்கேன்னு சொல்லும். பாதி கிளாஸ்ல நெத்தி லேசா வேர்க்கும். கடைசி மடக்கு கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி, ஏன்னா நீங்க சர்க்கரையை சரியா கலக்க மாட்டீங்க. அந்த மடக்குக்காகத்தான் நான் மெதுவா குடிக்கிறது.

கொரோனாவுக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சு. போன வாரமும் இப்படியேதான் இருந்துச்சு. உங்க கை தப்பவே இல்லண்ணே.

பத்திரமா போங்க.